அந்தப் புதன்கிழமை அவர் சொன்ன சேதி

பஞ்சாயத்திலிருந்து வந்த ஒரு காகிதத்தால்தான் நான் வேலந்தாவளம் சேவை கிளப்பில் சேர்ந்தேன். காகிதம் மலையாளத்தில் இருந்தது. நான் பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து, எல்லை தாண்டி கேரளத்துப் பெருமாட்டிக்கு வாக்கப்பட்டு வந்தவள். இருபத்திரண்டு வருஷத்தில் மலையாளம் பேச வந்துவிட்டது, பால் சொசைட்டியில் சண்டை போடுகிற அளவுக்கே வந்துவிட்டது. எழுத்து மட்டும் வரவில்லை. மகள் வீட்டில் இருந்தவரை அவள் படித்துச் சொல்வாள். அவள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் அதற்கு முன்பே வளைகுடாவில் கிரேன் ஓட்டப் போய்விட்டவர். மூன்று மாடு, இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு, ஒரு கிணறு, இவற்றோடு நான் மட்டும் இருந்தேன். சீல் வைத்த காகிதம் எது வந்தாலும் பயம்தான்.

மாட்டுத் தீவனம் வாங்க வேலந்தாவளம் போனபோது அந்தக் காகிதத்தையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஜங்ஷனில் ஒரு ஆன்லைன் கடை உண்டு. நில வரி கட்ட, சான்றிதழ் எடுக்க, விண்ணப்பம் போட எல்லோரும் அங்கேதான் போவார்கள். கடை நடத்துகிறவள் ஒற்றப்பாலத்துக்காரி. மலையாள வீட்டில் பிறந்து இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள் இருப்பாள். காகிதத்தை ஒருமுறை பார்த்தாள், சிரித்தாள்.

"சேச்சி, பேடிக்கவேண்டா, பயப்படாத. மாட்டுக்கு ஊசி போட வர்றாங்க. அன்னிக்கு மேய விடாதேன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான்."

"இதுக்கா மூணு நாளா சோறு எறங்காம கெடந்தேன்!" என்றேன்.

அவள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "புதன்கிழமை மதியம் வா சேச்சி. அந்த மெஸ்ஸு மாடியில எங்க கிளப்பு சோறுண்ணக் கூடும். ஓரோ வாரமும் வந்த நோட்டீஸ் எல்லாம் நான் அங்க தமிழ்ல வாசிக்கும். உனக்குத் தோப்புச் சேதி தெரியும், எனக்குக் காகிதச் சேதி தெரியும். ரெண்டும் வேணும்."

அந்த கிளப்பைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 'வாராவாரம் கூடித் தின்னுபோட்டு போட்டோ எடுக்கற கூட்டம்' என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நானும் அப்படியே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கும்போது புத்தகத்தைவிட பேனர் பெரிதாக இருக்கும். ஆனாலும் இன்னொரு காகிதம் வந்தால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. அடுத்த புதன்கிழமை நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

மெஸ்ஸின் மாடியில் சின்ன மேசைகளைச் சேர்த்துப் போட்ட நீளமான ஒரு மேசை. சுற்றிலும் பத்திருபது பேர். பெரும்பாலும் ஆண்கள். அரிசி மில் வைத்திருப்பவர் அந்த வருஷத் தலைவர். அவர் முன்னால் ஒரு பித்தளை மணி இருந்தது. இலையில் சோறு, பருப்பு, ஒரு பக்கம் ஓலன், ஒரு பக்கம் பொரியல், பப்படம். இரண்டு ஊர்ச் சாப்பாடும் ஒரே இலையில்தான் எங்கள் பக்கத்தில் இருக்கும். சாப்பிடும்போதே சேதி ஆரம்பித்துவிடும். ஒவ்வொருவராக எழுந்து ஒரு நிமிஷம் பேச வேண்டும். பேப்பரில் வந்தது, போனில் வந்தது, கட்சி விஷயம் எதுவும் கூடாது. தன் வீட்டில், தன் தெருவில், தன் தோப்பில் நடந்ததாக இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினால் தலைவர் மணியடிப்பார். அடிக்காமல் விட்டால், சேதி நன்றாக இருக்கிறது என்று பொருள்.

என் முறை வந்ததும் எழுந்தேன். பந்தியில் எழுந்து நின்று பேசிப் பழக்கமே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்க செவலை மாடு முந்தாநேத்து ரெட்டைக் கன்னு போட்டுதுங்க. ரெண்டும் கெடேரி. ரெண்டும் நல்லாருக்குதுங்க."

மேசையே கைதட்டியது. எதிரில் இருந்தவர் கன்றுகளின் நிறத்தைக் கேட்டார். இன்னொருவர் இரண்டுக்கும் பால் பற்றுகிறதா என்று கேட்டார். என் வீட்டில் நடந்த ஒரு நல்ல காரியத்தை அத்தனை பேர் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. போனில் வீட்டுக்காரரிடம் சொன்னபோது "சரி சரி" என்று அடுத்த பேச்சுக்குப் போயிருந்தார். அந்த ஒரு கைதட்டலுக்காகவே நான் அடுத்த வாரமும் போனேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

முதல் நாளே ஒரு சங்கடமும் இருந்தது. மேசையின் மறு கோடியில் எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் அந்த கிளப்பில் இருப்பது எனக்குத் தெரியாது. அறுபது வயதுக்காரர், தேங்காய் வியாபாரமும் உண்டு. அவர் குடும்பத்துக்கும் எங்களுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கோடையில் கால்வாய்த் தண்ணீர் முறை மாறிப்போனதில் வந்த சண்டை. அவருடைய முறையில் என் வீட்டுக்காரர் மடையைத் திறந்துவிட்டார், அவர் வந்து அடைத்தார். வாய் வார்த்தை முற்றியதில் என் வீட்டுக்காரர் செத்துப்போன அவர் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். தப்பு எங்கள் பக்கம்தான். ஆனால் அதைச் சொல்ல யாரும் போகவில்லை. அதற்கு முன்பு நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அப்புறம் வரப்பில் எதிரே வந்தால் அவர் அவருடைய மரத்தைப் பார்ப்பார், நான் என் மரத்தைப் பார்ப்பேன்.

அவருடைய முறை வந்தபோது எழுந்து, "எங்கிட்டச் சேதி ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். என்னைப் பார்த்ததால்தான் அப்படிச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வாராவாரம் அவர் சொல்வது அது ஒன்றுதான். சாப்பிட வருவார், எல்லோர் சேதியையும் கேட்பார், போவார். துக்க வீடென்றால் முதலில் வண்டி எடுக்கிறவரும் அவர்தான் என்று ஆன்லைன் கடைக்காரி சொன்னாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கடைசியில் அவள் வாசிப்பாள். அதற்காகவே சிலர் மோர் ஊற்றிக்கொண்டு காத்திருப்பார்கள். தென்னை உரத்துக்கு விண்ணப்பம், ரேஷன் கார்டு திருத்தம், தண்ணீர்க் குழாய் வேலை, எல்லாம் மலையாளத்தில் வந்ததை நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொல்வாள். 'நான் வாசிக்கும், நான் சொல்லும்' என்றுதான் பேசுவாள். யாரும் சிரித்ததில்லை. நாளெல்லாம் கடையில் வரிசை நிற்கிறது, அதற்கு நடுவில் இத்தனை காகிதத்தையும் தேடி எடுத்து எங்களுக்காகப் படித்துவிட்டு வருகிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு புதன்கிழமை அவள் எழுந்து, "கரடு வந்திருக்கு" என்றாள்.

எங்களுக்கெல்லாம் கரடு என்றால் கல்லும் முள்ளுமாக இருக்கும் குன்று. "எந்தக் கரடுங்க?" என்று மெஸ்காரர் பரிமாறிக்கொண்டே கேட்டார். சிரிப்பு அடங்கியதும் விளக்கினாள். மலையாளத்தில் கரடு என்றால் முடிவாகாத நகல். நிலத்தையெல்லாம் புதிதாக அளந்தார்கள் அல்லவா, அந்த வரைபடத்தின் நகல் வந்துவிட்டது. அவரவர் நிலம் அதில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தப்பிருந்தால் மனு கொடுக்கலாம். குறித்த சனிக்கிழமை தாண்டினால் அதுவே பக்காவாகிவிடும், பிறகு திருத்துவது பெரும்பாடு. "எல்லாரும் கடைக்கு வாங்க, நான் எடுத்துக் காட்டும்" என்றாள்.

நான் போகவில்லை. போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். கன்று ஒன்றுக்குக் கழிச்சல், தேங்காய் வெட்டு, ஒன்று மாற்றி ஒன்று வந்தது. அளக்க வந்தபோதும் நான் ஊரில் இல்லை. பொள்ளாச்சியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று போயிருந்தேன். அளந்து முடித்துவிட்டார்கள் என்று திரும்பி வந்து கேள்விப்பட்டேன். கிணறு எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை வழக்கம்போல் சேதி சுற்றி வந்தது. ஒருவருக்குப் பேரன் பிறந்திருந்தான். ஒருவர் வீட்டு மோட்டாருக்குள் பாம்பு புகுந்திருந்தது. பக்கத்துத் தோப்புக்காரர் முறை வந்ததும் தலைவர் அவரைத் தாண்டி அடுத்தவரைப் பார்த்துவிட்டார். அவ்வளவு பழகியிருந்தது.

"இன்னைக்கு எங்கிட்ட ஒரு சேதி இருக்குதுங்க" என்று அவர் எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. சோற்றுக் கையை இலைக்கு மேல் வைத்தபடியே பேசினார்.

"திங்கக்கெழமை நானு கடைக்குப் போயி எந்தோப்புப் படத்தைப் பாத்தனுங்க. அதுல ஒரு கெணறு எச்சா இருக்குது. எனக்கு இருக்கறது ஒரு கெணறுதானுங்க. ரெண்டாவது கெணறு அதா, அங்க உக்காந்திருக்கற அம்மிணியோடது. அளக்க வந்தவங்களுக்கு எங்காளு வரப்பைக் காட்டிப்போட்டான். வரப்பு எல்லையில்லீங்க, அது நடக்கறதுக்கு வெச்ச தடம். கெணறு அவிங்களுது. அவிங்க மாமனாரு வெட்டுனது. வெட்டறப்ப நானும் மண்ணுச் சொமந்திருக்கறன். சனிக்கெழமைக்குள்ள மனுக் குடுக்கோணுமாமா. எங்கையெழுத்தும் வேணுமாமா. நானு போடறனுங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்து, "ரசம் கொஞ்சம் ஊத்துங்க" என்றார்.

அவர் பேச்சு ஒரு நிமிஷம் தாண்டியிருக்கும். தலைவர் மணியைத் தொடவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, பயம். அந்தக் கிணறு இல்லாவிட்டால் தோப்பு இல்லை, மாடு இல்லை. கோடையில் கால்வாய் கைவிட்டாலும் அது கைவிட்டதில்லை. கிணறு வேறொருவர் பெயரில் வரைபடத்தில் கிடந்திருக்கிறது, நான் கன்றுக்குக் கஷாயம் காய்ச்சிக்கொண்டு இருந்திருக்கிறேன். சோற்றைப் பிசைந்த கை பிசைந்தபடியே நின்றுவிட்டது.

அவர் கிளம்பியதும் பின்னாலேயே ஓடினேன். படிக்கட்டில் பாதி வழியில் நின்று கூப்பிட்டேன்.

"ஏனுங்க, ஒரு நிமிஷம்."

அவர் திரும்பினார். "சொல்லு அம்மிணி."

"ஊட்டுக்கே வந்து சொல்லியிருக்கலாமுங்களே?"

"வந்திருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். அவர் மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்:

"அதுமட்டுமில்ல அம்மிணி. ரெண்டு நாளா எனக்கே மனசு ஒரு நெலையில இல்ல. சும்மா இருந்தாக் கெணறு நம்மளுது ஆயிரும், வாயத் தொறக்காதீங்கன்னு பையன் சொன்னான். அவந்தான் சொன்னான்னு சொன்னா அது பொய்யி. அவன் சொல்றதுக்கு முன்னாலயே எனக்கும் தோணுச்சு. உங்கூட்டுக்காரன் அன்னைக்குப் பேசுன பேச்சு இன்னும் காதுல இருக்குது. அதுக்குத்தான் நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டேன். சொல்லிப்போட்டா அப்பறம் நானே நெனச்சாலும் மாத்த முடியாதில்ல."

அவர் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். நல்லவர் ஒருவர் நல்லதைச் செய்தார் என்றால் அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இவர் இரண்டு நாள் ஆசையோடு மல்லுக்கட்டியிருக்கிறார். தன்மேலேயே நம்பிக்கையில்லாமல், தன்னைக் கட்டிப்போட ஒரு மேசையையும் அதைச் சுற்றி உட்கார்ந்த ஆட்களையும் தேடி வந்திருக்கிறார். அதையும் என்னிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போனாரே, அதுதான் என்னை அசைத்துவிட்டது.

மேலே போனேன். ஆன்லைன் கடைக்காரி கை கழுவிக்கொண்டிருந்தாள். என் கோபமெல்லாம் அவள் பக்கம் திரும்பியது.

"நீ திங்கக்கெழமையே பாத்தையல்ல? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சேச்சி, அவரு படத்தைப் பார்த்து அப்படியே நின்னு. அப்பறம், 'புதன் வரைக்கும் பொறு, நானே சொல்லிக்கறேன்'னு பறஞ்சு. நான் சரின்னு சொன்னேன். புதன் அவரு சொல்லலைன்னா, வியாழன் காலையில நான் உன் வீட்டு வாசல்ல இருந்திருக்கும். மனு எழுதி பைக்குள்ள வெச்சிருக்கேன், பாரு."

பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். முழுதாக எழுதி வைத்திருந்தாள். தேதியும் கையெழுத்தும் மட்டும் பாக்கி.

சாயங்காலம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் கத்தினார். "அவன் எதுக்கோ குழி தோண்டறான். கையெழுத்துக் கிய்யெழுத்துப் போட்டறாத. நான் ஆளை வெச்சு விசாரிக்கறேன்."

"சனிக்கெழமை கடைசி நாளுங்க."

"நம்ம கெணத்தை நம்மளுதுன்னு சொல்ல அவங்கையெழுத்து எதுக்கு? நாளைக்கு அதைக் காட்டியே வேற எதையாச்சும் புடிங்குவான்."

"நீங்க அங்க இருக்கறீங்க. நான் அந்த மேசையில உக்காந்திருந்தேன். அவரு மூஞ்சியப் பாத்தேன்."

"மூஞ்சியப் பாத்தா நெலம் எழுதிக் குடுக்கறது?"

"நான் எழுதிக் குடுக்கலீங்க. வாங்கறேன்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நிலத்து விஷயத்தில் அவர் சொன்னதை நான் மீறியதில்லை.

வியாழக்கிழமை கடையில் மனுவை அவள் இரண்டு தடவை தமிழில் படித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார். "வரப்பு எல்லையில்லைன்னு நல்லா அழுத்தி எழுதம்மா" என்றார். அவளும் அப்படியே சேர்த்து எழுதினாள். மலையாள மனுவின் கீழே அவரும் நானும் தமிழில் கையெழுத்துப் போட்டோம்.

அவர் அன்று மேசையில் சொன்னது எங்கள் இரண்டு தோப்போடு நிற்கவில்லை. 'நம்முதுலயும் இப்பிடி இருந்துதுன்னா?' என்ற பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது. கிளப்புக்காரர்களுக்கே இப்படி என்றால் கரடு வந்ததே தெரியாதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தலைவர் கேட்டிருக்கிறார். வியாழக்கிழமை மத்தியானமே மெஸ் மாடியிலிருந்து மேசைகளைக் கீழே இறக்கி, ஆன்லைன் கடை வாசலில் வரிசையாகப் போட்டுவிட்டார்கள். மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்தார்கள். மூன்று நாளும் அப்படித்தான். மில்லை ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தலைவர் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மலையாள எழுத்து தெரியாது. ஆனால் யார் தோப்பு எங்கே முடிகிறது, எந்தப் பாதை யாருடையது என்பது எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரியும். ஒவ்வொரு மேசையாகக் கூப்பிட்டார்கள். "அக்கா, இந்த வளைவுல யாரு ஊடுங்க?" என்பார்கள், சொல்வேன்.

ஒரு வயதான தம்பதியின் வீடு படத்தில் பாதி ரோட்டுக்குள் இருந்தது. ஒரு தெரு போகிற பாதையே படத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் மனு எழுதினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆன்லைன் கடைக்காரிக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. கையால் சைகை காட்டிக்கொண்டே கடைசி மனுவை ஏற்றினாள். அந்த மூன்று நாளில் யாரும் பேனர் கட்டவில்லை, போட்டோ எடுக்க யாருக்கும் ஞாபகமும் வரவில்லை. தின்கிற கூட்டம் என்று நான் நினைத்ததை மனசுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து மறு அளவைக்கு வருகிறோம் என்று தகவல் வந்தது. குறித்த நாள் புதன்கிழமையாக இருந்தது. கிளப்பைத் தோப்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். சர்வே செய்ய வந்தது ஒரு இளம்பெண். தொப்பி வைத்துக்கொண்டு, கருவியைத் தாங்கிய கம்பத்தோடு வரப்பில் வேகமாக நடந்தாள். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டது நல்லது, ஆனால் பழைய எல்லைக்கு ஒரு அடையாளம் வேண்டும் என்றாள். "பழைய கல்லு எவிடெ?" என்று கேட்டாள்.

கல் எங்கே என்று எனக்குத் தெரியாது. பக்கத்துத் தோப்புக்காரர் அங்கேயும் இங்கேயும் நடந்து பார்த்தார். அப்புறம் எங்கள் எருக்குழி முன்னால் வந்து நின்றார்.

"எங்கப்பன் காட்டியிருக்கறான். ஒரு பூவரச மரத்துக்குக் கெழக்க. மரம் போயிருச்சு. கல்லு இதுக்குள்ளதான் இருக்கோணும்."

வருஷக்கணக்காக நான் சாணி கொட்டிய குழி. எனக்கு மானமே போயிற்று. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினார். தலைவர் இறங்கினார். சும்மா இருந்தால் கிணறு நம்முடையது என்று சொன்ன அவர் மகனும் கூடையோடு வந்து நின்றான். என்னைப் பார்க்காமல் எருவை வாரி வெளியே கொட்டினான். மெஸ்காரர் ஆட்டோவில் சோறும் குழம்புமாக வந்து இறங்கியபோது பாதிப் பேர் முழங்கால்வரை எருவில் நின்றார்கள். "ஏனுங்க, நான் இலையப் போடட்டுங்களா, மூக்கப் புடிச்சுக்கட்டுங்களா?" என்று அவர் கேட்டதில் சர்வே செய்யும் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடப்பாரை 'ணங்' என்றது. இடுப்பளவு ஆழத்தில் கல் இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். மேலே வெட்டியிருந்த கோடு தெளிவாகத் தெரிந்தது.

அங்கிருந்து அந்தப் பெண் புதிதாகக் கோடு பிடித்தாள். கிணறு எல்லைக்கு நன்றாக உள்ளே, என் பக்கத்தில் விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், அவள் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு தெற்கு மூலைக்குப் போய்விட்டாள். அங்கே கோடு என் தென்னை வரிசையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. நாலு மரம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றன. நல்ல காய்ப்புள்ள மரங்கள். நான் வந்த நாளிலிருந்து அவற்றில் காய் வெட்டியிருக்கிறோம்.

அவர் நாலு மரத்தையும் அண்ணாந்து பார்த்தார். "இது எனக்கும் தெரியாது அம்மிணி" என்றார். அவர் முகத்தைப் பார்த்தாலே அது நிஜம் என்று தெரிந்தது.

'வேற எதையாச்சும் புடிங்குவான்' என்று வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு நொடி மனசு கசந்தது, அதை மறைப்பானேன். கிணற்றுக்கு அந்தக் கல் சாட்சி என்றால் மரத்துக்கும் அதுதானே சாட்சி.

"மரம் உங்களுதுங்க மாமா" என்றேன்.

மாமா என்ற சொல் தானாக வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"இதுவரைக்கும் வெட்டுன காயி வெட்டுனதுதான், அந்தப் பேச்சு வேண்டாம். வர்ற வெட்டுல இருந்து நான் ஏத்திக்கறேன்" என்றார்.

நீயே வைத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. அவருடையதை அவர் எடுத்துக்கொண்டார், என்னுடையதை எனக்குக் கொடுத்தார். அதில் ஒரு நேர்மை இருந்தது. சர்வே செய்ய வந்த பெண் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். அவளையும் உட்கார வைத்து இலை போட்டோம். கிணற்று மேட்டில் எல்லோரும் கை கால் கழுவிக்கொண்டு மர நிழலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எரு வாசனை போகவே இல்லை. அதோடுதான் அன்றைய சேதியும் நடந்தது, ஆன்லைன் கடைக்காரியின் வாசிப்பும் நடந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரே போன் செய்தார். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து சரியாகப் பேசாமல் இருந்தவர்.

"கெணறு?"

"நம்மளுதுங்க."

"எல்லாம் சரியாப் போச்சா?"

"தெக்கு மூலையில நாலு மரம் அவிங்களுதுங்க. நான் ஒத்துக்கிட்டேன்."

கத்தப் போகிறார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"கல்லை யாரு தோண்டுனது?" என்று கேட்டார்.

"அவருதாங்க. நம்ம எருக்குழிக்குள்ள எறங்கி."

பிறகு, "அவரு நம்பரு இருக்குதா?" என்றார். பதினோரு வருஷமாக 'அவன்' என்றுதான் சொல்வார். நம்பரை அனுப்பினேன்.

அவர்கள் பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில் நான் மாட்டைப் பிடித்துக் கட்டும்போது, பக்கத்துத் தோப்பில் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பேசியதெல்லாம் என் வீட்டுக்காரர்தான் போலிருக்கிறது. இவர் இரண்டு மூன்று தடவை "ம்" என்றார், கடைசியில் "செரி, விடப்பா" என்றார். என்ன பேசினீர்கள் என்று பிறகு இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் சொல்லவில்லை.